தலையணை உறையிலிருந்து வெளியே வருவது

படிவம் நிரப்புவதுதான் என் வேலை. சேலத்திலிருந்து நாமக்கல் போகும் நெடுஞ்சாலையில், புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் கம்பெனி இருக்கிறது. தலையணை உறை, படுக்கை விரிப்பு, சமையலறைத் துணி எல்லாம் தைத்து ஐரோப்பாவுக்கு அனுப்புகிறோம். ஜலகண்டாபுரத்துத் தறிகளில் நெய்த துணி, வெளியே ஒரு பிராசசிங் மில்லில் சாயமும் பூச்சும் ஏறி, மூட்டை மூட்டையாக எங்களிடம் வரும். வெட்டுவது, தைப்பது, குறை பார்ப்பது, மடித்துப் பெட்டி கட்டுவது எங்கள் பொறுப்பு. பெட்டியோடு போகும் காகிதங்கள் என் பொறுப்பு. வேதியியலில் பட்டம் வாங்கியவள் என்று அந்த நாற்காலியை எனக்குக் கொடுத்தார்கள். ஒரு சமன்பாடு எழுதிப் பதினைந்து வருடம் ஆகியிருந்தது என்பதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வாங்குகிற கம்பெனி ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு நீண்ட படிவம் அனுப்பும். இந்தச் சாயம் இருக்கிறதா, அந்த உலோகம் இருக்கிறதா என்று கேள்விகள் வரிசையாக நிற்கும். நான் பழைய படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதே பதில்களைப் புதியதில் ஏற்றுவேன். இல்லை, இல்லை, இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிடும். அந்தப் படிவத்தின் நடுவில் ஒரு கேள்வி உண்டு: இந்தப் பொருளிலிருந்து ஏதேனும் வேதிப்பொருள் வெளியே வர வேண்டும் என்ற நோக்கத்தோடு செய்யப்பட்டிருக்கிறதா? துணியிலிருந்து என்ன வெளியே வரப்போகிறது என்று அதற்கும் 'இல்லை' போட்டே பழகியிருந்தேன்.

லாவண்டர் வாசனை போட்ட தலையணை உறைக்கு ஆர்டர் வந்தபோதும் அப்படித்தான் போட்டேன்.

அந்த ஆர்டர் வந்ததில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உருண்டைகளுக்குள் வாசனை எண்ணெயை அடைத்து, அந்த உருண்டைகளைத் துணியில் ஒட்டியிருப்பார்கள். தலை வைத்துப் படுத்துப் புரளும்போது உருண்டை உடைந்து வாசனை வரும். முதல் மூட்டையைப் பிரித்த அன்று கம்பெனி முழுவதும் மணத்தது. தைக்கிற பெண்கள் துணியை முகத்தில் ஒற்றிக்கொண்டு சிரித்தார்கள். ஓரம் கோணலாகி ஒதுக்கப்பட்ட இரண்டு உறைகளைக் கேட்டு வாங்கி, நானும் வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஒன்றை மகளின் தலையணைக்குப் போட்டேன், ஒன்றை எனக்கு வைத்துக்கொண்டேன்.

சரக்கு கிளம்ப இன்னும் மூன்று வாரம் இருந்தபோது, வாங்குகிற கம்பெனியில் வேதிப்பொருள் விஷயங்களைப் பார்க்கும் ஒரு பெண்மணி என்னைக் காணொளியில் அழைத்தார். ஐம்பது வயது இருக்கும். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். எனக்குப் புரிய வேண்டும் என்று ஆங்கிலத்தை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினார். அவர் கேட்டதைத் தமிழில் சொல்கிறேன்.

"உங்கள் தலையணை உறை மணக்குமா?"

"நன்றாக மணக்கும்."

"மணக்காவிட்டால் வாங்கியவர் திருப்பிக் கொடுப்பாரா?"

"கொடுப்பார். வாசனைக்காகத்தானே வாங்குகிறார்."

"அப்படியென்றால், வெளியே வர வேண்டும் என்று செய்யப்பட்டது எதுவும் இல்லை என்று ஏன் எழுதினீர்கள்?"

எனக்கு முகம் சூடானது. தவறு என்று தெரிந்து ஏமாற்றியிருந்தால் சமாளிக்க ஏதாவது பதில் தயாராக இருந்திருக்கும். படிக்காமலே கையெழுத்துப் போட்டவளுக்கு என்ன பதில் இருக்கும்? "மன்னிக்க வேண்டும், யோசிக்கவில்லை" என்றேன். அவர் கோபிக்கவில்லை. "நிறையப் பேர் யோசிப்பதில்லை" என்று சொல்லிவிட்டு, அவர்கள் ஊர்ச் சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்று அரைமணி நேரம் விளக்கினார். அந்த அரைமணி நேரத்துக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

அவர் சொன்னது இதுதான். ஒரு நாற்காலி, ஒரு சட்டை, ஒரு டயர் எல்லாமே செய்து முடித்த பொருள்கள். அவற்றுக்குள் வேதிப்பொருள்கள் இருந்தாலும் நாம் வாங்குவது வேதிப்பொருளை அல்ல. டயர் தேய்ந்து தூள் வருகிறது, சட்டை துவைக்கும்போது சாயம் கொஞ்சம் போகிறது. அவை யாரும் விரும்பி வரவழைப்பவை அல்ல. ஆனால் பிள்ளைகள் எழுத்தை அழிக்கும் வாசனை ரப்பரோ, வாசனைத் தலையணையோ அப்படியில்லை. வெளியே வருவதுதான் அதன் வேலை. அதனால் சட்டம் அதைப் பொருளோடு சேர்த்து மறந்துவிடாமல், தனியாக வேதிப்பொருளை விற்பதுபோலவே கணக்கில் எடுக்கிறது. ஓர் ஆண்டில் ஒரு டன்னுக்கு மேல் அப்படி உள்ளே வந்தால் பதிவு செய்ய வேண்டும்.

"ஒரு டன்னா?" என்று பதறிப்போனேன்.

அவர் சிரித்தார். "உங்கள் எல்லா உறையிலும் இருக்கும் வாசனையைச் சேர்த்தாலும் ஒரு வாளிகூட நிறையாது. பதிவெல்லாம் தேவைப்படாது. ஆனால் என்ன வருகிறது என்று தெரியாமல், தேவையில்லை என்று மட்டும் எப்படிச் சொல்வது? முதலில் தெரிந்துகொண்டு எழுதுங்கள். அப்படியே, வர வேண்டாம் என்று நினைப்பது ஏதாவது வருகிறதா என்றும் பாருங்கள். அதற்கு டன் கணக்கு இல்லை. சிலவற்றுக்குக் கொஞ்சம் வந்தாலே தடை."

அன்று மதியமே பிராசசிங் மில்லுக்குப் போன் செய்தேன். அந்த உருண்டைகளில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, "அது கெமிக்கல் கம்பெனியோட ரகசியமுங்க மேடம், எங்களுக்கே சொல்ல மாட்டாங்க" என்றார் மேலாளர். சொல்லாவிட்டால் சரக்கு கப்பல் ஏறாது என்று மூன்று நாள் விடாமல் நச்சரித்த பிறகு இரண்டு பக்கக் காகிதம் ஒன்று வந்தது. வாசனை எண்ணெயில் பயப்பட ஒன்றுமில்லை. எண்ணெயை மூடியிருந்த உருண்டையின் ஓடு என்ன என்ற இடத்தில்தான் என் கண் நின்றது. மெலமைனும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்த பிசின்.

கல்லூரி ஆய்வகத்தில், தவளைகள் மிதந்த கண்ணாடிக் குடுவைகளின் மூடியைத் திறந்தால் மூக்கில் ஏறுமே ஒரு நெடி, அது ஃபார்மால்டிஹைடு. பிசினாகச் சரியாக இறுகிவிட்டால் பெரிதாகத் தொந்தரவு தராது. பூச்சு ஏறிய துணியைச் சூடான இயந்திரத்தில் போதிய நேரம் ஓடவிடாமல் அவசரமாக எடுத்தால், இறுகாத மிச்சம் துணியிலேயே தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். மில் முதலில் அனுப்பிய மாதிரித் துணி பரிசோதனையில் தேறியிருந்தது. மாதிரியைப் பொறுமையாகச் செய்வார்கள். மொத்தச் சரக்கை எப்படி ஓட்டினார்கள் என்று யாருக்குத் தெரியும்?

காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, குறை பார்க்கும் அறைக்குப் போனேன். தூசி வரக்கூடாது என்று சன்னல்களை அடைத்து வைத்திருக்கும் நீளமான அறை. வெள்ளை விளக்குக்குக் கீழே பன்னிரண்டு பெண்கள் நின்று, உறைகளைப் புரட்டிப் புரட்டி நூல் பிசிறும் கறையும் தேடிக்கொண்டிருந்தார்கள். அங்கே மூத்தவர் ஒரு அக்கா. பக்கத்து ஊர்க்காரர். எங்களிடம் வருவதற்கு முன் பல வருடம், ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லில் வேலை செய்தவர். ஐந்தாறு வாரமாக அவர் அடிக்கடி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததை நான் கடந்து போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். வீட்டில் ஏதோ துயரம் என்று நினைத்து, ஒருநாள் தனியாக அழைத்துக் கேட்டும் இருக்கிறேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க அம்மிணி" என்று சிரித்தபடி போய்விட்டார்.

அன்று வேறு விதமாகக் கேட்டேன். "அக்கா, இந்தத் துணியில இருந்து ஏதாச்சும் வருதா?"

அவர் கையிலிருந்த உறையை மேசைமேல் வைத்தார்.

"இப்பத்தான் கேக்கறீங்களா அம்மிணி? இந்த வாசத்துணி வந்ததுல இருந்து கண்ணு எரியுதுங்க. தொண்டை கரகரங்குது. கையப் பாருங்க." இரண்டு கைகளையும் விளக்குக்கு நேராக நீட்டினார். விரல் இடுக்குகளில் தோல் சிவந்து, பொரிப்பொரியாக இருந்தது. "வாசத்துக்கு அடியில இன்னொரு நெடி இருக்குதுங்க. சேகோ மில்லுல மாவு வெளுக்கறதுக்கு மருந்து கலக்கறப்ப அங்கயே நின்னவ நானு. நெடின்னா எனக்குத் தெரியாதா?"

"ஏங்க்கா இத்தனை நாளா சொல்லல?"

"சொன்னனுங்க. சூப்ரவைசர்கிட்டச் சொன்னேன். வெளிநாட்டுக்காரங்க காசு குடுத்து வாங்கற வாசனை, நமக்குச் சும்மா கெடைக்குது, அனுபவிங்கன்னாரு. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்றது?"

பக்கத்தில் நின்ற மற்றொரு பெண், தனக்குத் தலைவலி விடுவதே இல்லை என்றார். இன்னொருவர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கண் நன்றாக இருக்கிறது என்றார். பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் ஏதோ ஒன்றைச் சொன்னார்கள். வாங்குகிறவருக்காக அந்த உறையைப் பற்றி நாற்பது கேள்விக்குப் பதில் எழுதிய நான், நாள் முழுவதும் அதைக் கையில் வைத்திருந்தவர்களிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. அங்கே நின்றபோது என் வெட்கம் அது ஒன்றுதான்.

துணியையும் தைத்த உறைகளையும் பல மூட்டைகளிலிருந்து வெட்டி எடுத்து, காற்றுப் புகாத பைகளில் அடைத்துத் திருப்பூரில் ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினேன். முடிவு வரும்வரை வேலையை நிறுத்த வேண்டும் என்று சொல்ல முதலாளியிடம் போனேன்.

முதலாளி திருச்செங்கோட்டுப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். இளவயதில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடநாடெல்லாம் சுற்றியவர். நல்ல மனிதர், ஆனால் கப்பல் தேதி நெருங்கினால் யார் பேச்சும் அவர் காதில் ஏறாது.

"ஏம்மா, கண்ணு எரிச்சலுக்கெல்லாம் வேலைய நிறுத்த முடியுமா? ரிக்குல கல்லுத் தூசியத் தின்னுட்டு வளந்தவங்க நாங்க" என்றார்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. "உங்ககூட வண்டியில போனவங்கெல்லாம் இப்ப எப்படி சார் இருக்காங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் மேசைமேல் இருந்த மொபைலைத் திருப்பித் திருப்பி வைத்தார். "எங்க அண்ணன் பத்துப் படி ஏற மாட்டாருங்க. மூச்சு வாங்கிரும்" என்றார் மெல்ல. பிறகு எழுந்து, "வாங்க, பாக்கலாம்" என்றார்.

குறை பார்க்கும் அறைக்குள் போய், கதவைச் சாத்தச் சொன்னார். புது மூட்டை ஒன்றைப் பிரிக்கச் சொல்லி, அக்காவின் இடத்தில் நின்று உறைகளைப் புரட்ட ஆரம்பித்தார். பெண்கள் என்ன செய்வது என்று தெரியாமல் சுவரோரம் ஒதுங்கினார்கள். ஐந்து நிமிடம் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு உள்ளூரப் பயமாக இருந்தது. பத்து நிமிடம் இருக்கும், கைக்குட்டையை எடுத்தார். கண்ணைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். "சன்னலத் தொறங்க" என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, "எத்தன நாளாங்க இப்படி?" என்று கேட்டார்.

"ஒண்ணரை மாசமாச்சுங்க சாமி."

"எங்கிட்ட வந்து சொல்லக் கூடாதா?"

"உங்க ரூமு எந்தப் பக்கம்னே எனக்குத் தெரியாதுங்களே."

அறையே சிரித்துவிட்டது. அவரும் சிரித்தார். அன்று மாலைக்குள் வாசனைத் துணியின் வேலை நின்றது.

நான்காம் நாள் அறிக்கை வந்தது. மாதிரி தேறிய அதே துணி, மொத்தச் சரக்கில் அனுமதித்த அளவைப் பல மடங்கு தாண்டியிருந்தது. வர வேண்டும் என்று செய்த வாசனையால் ஒரு வம்பும் இல்லை. வரும் என்று யாரும் நினைத்துக்கூடப் பார்க்காத ஒன்றுதான் தப்பாகிப்போனது.

அந்தப் பெண்மணிக்கு அறிக்கையை அப்படியே அனுப்பினேன். அனுப்புவதற்கு முன், ஆர்டர் போய்விடும் என்று எங்கள் கம்பெனி மேலாளர்கள் பலமுறை எச்சரித்தார்கள். முதலாளி, "மறைச்சு அனுப்பி அங்க போயி மாட்டறதுக்கு, இங்கயே சொல்லிரலாம்" என்றார். மறுநாள் அந்தப் பெண்மணியே எங்களைக் காணொளியில் அழைத்தார். தெரிவித்ததற்கு முதலில் நன்றி சொன்னார். தேதியைத் தள்ளிவைக்கத் தன் கம்பெனியில் பேசுவதாகச் சொன்னார். கடைசியில் ஒன்று கேட்டார். "அந்தத் துணியைக் கையாண்ட பெண்கள் எப்படி இருக்கிறார்கள்?"

எங்கள் படிவத்தில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. சட்டம் நினைப்பது பெரும்பாலும் அந்த உறையில் தலை வைத்துத் தூங்கப் போகிறவரைத்தான். அதைத் தைக்கிறவர்களைக் காக்க எங்கள் நாட்டில் வேறு சட்டங்கள் இருக்கின்றன. ஆனால் அந்த வருடம் எங்கள் அறையின் சன்னலைத் திறந்து வைத்தது கடல் தாண்டி எழுதப்பட்ட ஒரு வரிதான். இதை யோசித்தால் கொஞ்சம் வருத்தமாகவும் இருக்கும், நிறைய நன்றியாகவும் இருக்கும். யாரோ ஒருவர் எங்கோ ஒரு மேசையில் உட்கார்ந்து, 'பொருளிலிருந்து என்ன வெளியே வரும்?' என்று யோசித்திருக்கிறார். அவருக்கு எங்கள் அக்காவைத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

அக்காவின் கையைப் பார்த்த அன்றே, வீட்டுக்குப் போனதும் என் தலையணையிலிருந்தும் மகளின் தலையணையிலிருந்தும் உறைகளைக் கழற்றியிருந்தேன். அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. என்றாலும் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு தோல் மருத்துவரிடம் காட்டிவிட்டு வந்தேன். "நன்றாகத்தான் இருக்கிறாள், நீங்கள்தான் பயந்துபோயிருக்கிறீர்கள்" என்று அனுப்பிவைத்தார். அடுத்த வாரம் அக்காவையும் கை பொரிந்த மற்ற மூவரையும் அவரிடமே அழைத்துப்போனேன். கம்பெனி வண்டியிலேயே போனோம். களிம்பு எழுதிக் கொடுத்து, அந்தத் துணியைத் தொடாமல் இருந்தால் தானாகக் குறைந்துவிடும் என்றார். குறைந்தது. திரும்பும் வழியில் நால்வரும் இறங்கி இளநீர் குடித்தே தீர வேண்டும் என்று அடம்பிடித்தார்கள், எனக்கும் சேர்த்து வாங்கிக் கொடுத்தார்கள்.

பிராசசிங் மில் துணி முழுவதையும் திரும்ப எடுத்து, சூட்டில் சரியாக ஓட்டி, இரண்டுமுறை அலசிக் கொடுத்தது. தைத்து முடித்த உறைகளையும் அலசினோம். மறு பரிசோதனையில் தேறியது. வாசனை பாதியாகக் குறைந்துபோனதால், அட்டையிலிருந்து லாவண்டர் பூப் படத்தை எடுத்துவிட்டுச் சாதாரண உறையாக விற்க ஒப்புக்கொண்டார்கள். அடுத்த ஆர்டருக்கு ஃபார்மால்டிஹைடு இல்லாத வேறு ஓடு தேடிப் பிடித்தோம். குறை பார்க்கும் அறையில் காற்றை வெளியே தள்ளும் விசிறிகள் நான்கு வந்தன.

இடையில் ஒரு சின்னச் சங்கடமும் நடந்தது. மருத்துவரிடம் போய் வந்த மறுநாள் அக்காவை அவர் இடத்தில் காணவில்லை. அட்டைப்பெட்டி ஒட்டும் பகுதிக்கு மாற்றியிருந்தார் சூப்ரவைசர். "ரொம்பப் பேசிட்டேன்ல அம்மிணி" என்றார் அக்கா, பசை ஒட்டிய விரல்களைப் பார்த்தபடி. நான் முதலாளியிடம் போனேன். அரைமணி நேரத்தில் அக்கா பழைய இடத்துக்குத் திரும்பினார். கூடவே முதலாளி ஒரு புது யோசனையும் சொன்னார்: "இனி எந்த மூட்டை வந்தாலும் மொதல்ல இந்தம்மா மோந்து பாத்துச் சொல்லட்டும்."

அக்காவுக்குப் பெருமையில் முகம் மலர்ந்தது. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை, ஆனாலும் கெடுத்தேன். "வேண்டாம் சார். நெடி மூக்குக்குத் தெரியறப்பவே உடம்புக்குள்ள போயிருது. ஒவ்வொரு மூட்டையிலயும் ஒரு துண்டு வெட்டி டெஸ்ட்டுக்கு அனுப்பலாம். அக்கா மூக்கு அக்காவுக்கே இருக்கட்டும்." முதலாளி தலையாட்டினார். அக்கா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

மூன்றாம் நாள் அவரே என் அறைக்கு வந்தார். கண்ணாடிக் கதவைத் தட்டலாமா என்று தெரியாமல் வெளியே நின்றுகொண்டிருந்தார். "மாரியம்மன் பண்டிகைங்க, ஞாயித்துக்கெழமை ஊட்டுக்கு வந்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார். மகளையும் அழைத்துக்கொண்டு போனேன். ஓட்டு வீடு, வாசலில் கறிவேப்பிலை மரம், தண்ணீர்த் தொட்டி. கோழிக் குழம்பு வைத்து, இலை போட்டுப் பரிமாறினார். என்னை அவர் வீட்டுக்காரருக்கு எப்படி அறிமுகப்படுத்தினார் தெரியுமா? "எங்கிட்டக் கேள்வி கேட்ட அம்மிணி இவங்கதான்" என்றார். நான் எத்தனையோ சான்றிதழ் வாங்கியிருக்கிறேன். அதைப்போல ஒன்றை யாரும் கொடுத்ததில்லை.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, வெயிலில் இருந்த நீல நிறப் பிளாஸ்டிக் குடத்தை அக்கா காலால் லேசாகத் தட்டினார்.

"ஏனுங்க அம்மிணி, வெயில்ல காயற இந்தக் கொடத்துல இருந்தும் ஏதாச்சும் தண்ணிக்குள்ள வருமுங்களா?"

"நிச்சயமாத் தெரியலைக்கா. எந்தப் பிளாஸ்டிக்குன்னு பாக்கணும். விசாரிச்சுச் சொல்றேன்" என்றேன்.

அவர் யோசித்தார். பிறகு குடத்தைத் தூக்கி நிழலில் வைத்துவிட்டு, வீட்டுக்குள்ளிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து என் மகளிடம் கொடுத்தார்.